ஈசிஆர் கடற்கரைக் கல்யாணம்: ஆண்கள் என்ன உடுத்துவது? செருப்பில் தொடங்கும் முழு வழிகாட்டி

கோவளம், மாமல்லபுரம், அதைத் தாண்டி புதுச்சேரி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோர ரிசார்ட்டுகளில் நடக்கும் கல்யாணத்துக்கு உடை எடுக்கப் போகிறவர்களில் பலர் பிளேசரின் நிறத்தில் ஆரம்பிக்கிறார்கள். செருப்பைப் பற்றிக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள். மணலில் இறங்கிய பத்தாவது நிமிடத்தில் படுத்துவது அந்தச் செருப்புதான். அதனால் இங்கே வரிசை கீழிருந்து மேலே போகிறது: முதலில் இடமும் நேரமும், அடுத்து கால், பிறகு வேட்டியோ பேன்ட்டோ, அதற்கப்புறம்தான் சட்டையும் மேலங்கியும்.

நான்கு வாரம் கையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். தைக்க இரண்டு வாரம், திருத்த ஒரு வாரம், துவைத்து உடுத்திப் பார்க்க ஒரு வாரம். கல்யாண சீசனில் டெய்லர் சொல்லும் தேதியில் நான்கு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. துணிக்கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டியவை

அழைப்பிதழில் ரிசார்ட்டின் பெயரும் நேரமும்தான் இருக்கும். கல்யாண வீட்டில் யாராவது ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள். நாற்காலி போடுவது மணலிலா, புல்தரையிலா, மரப்பலகைத் தளத்திலா? தாலி கட்டுவதும் வரவேற்பும் ஒரே இடத்திலா? மணமேடை எந்தத் திசையைப் பார்க்கிறது?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. நம் கரையில் சூரியன் கடலில் உதித்து ஊர்ப்பக்கம் மறைகிறது. காலை முகூர்த்தத்தில் கடலைப் பார்த்து உட்காருபவருக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். மாலை வரவேற்பில் அதே நாற்காலியில் வெயில் பிடரியைச் சுடும். கடலில் சூரியன் மறையும் காட்சி கோவாவுக்கும் கோவளம் என்ற பெயருள்ள கேரளக் கரைக்கும் உரியது. அங்கே எடுத்த படங்களைப் பார்த்து இங்கே உடை திட்டமிட்டால் வெயிலின் திசையே மாறிப்போகும்.

காற்றின் திசையும் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் நண்பகலை ஒட்டியோ சற்றுப் பின்னரோ கடற்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும். அதுவரை வீசுவது நிலத்தின் அனல். கடற்காற்று வந்த பிறகு கடலைப் பார்த்து நிற்பவரின் வேட்டியும் அங்கவஸ்திரமும் பின்பக்கம் பறக்கும்.

2. மாதத்தைப் பார்த்துத் துணியின் கனத்தை முடிவு செய்யுங்கள்

தை, மாசி முகூர்த்தங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவு 21 வரை இறங்கும். பட்டு வேட்டி, லேசான பிளேசர் எல்லாம் தாங்கும்.

சித்திரை, வைகாசி, ஆனி வேறு கதை. மே முதல் வாரம் தொடங்கிக் கடைசி வாரம் வரை கத்திரி வெயில். சென்னையில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் வரும். கடலோரத்தில் ஈரப்பதமும் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும். கடலை விட்டு உள்ளே இருக்கும் மதுரையின் வெயிலுக்குப் பழகியவர்கூட இங்கே திணறுவது இதனால்தான். இந்த மாதங்களில் பகல் நிகழ்ச்சிக்கு மேலங்கியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுங்கள்.

ஆவணியில் மாலை இடிமழை திடீரென்று வரும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்த மூன்று மாதங்களிலும் நனைந்தால் நிறம் போகும் துணி, ஸ்வேட் தோல் காலணி, தண்ணீர்த் துளி பட்டால் தடம் விழும் மெல்லிய பட்டுச் சட்டை ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

மாலை வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். நவம்பர் கடைசியில் சென்னையில் 5.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூன் கடைசியில் 6.38 வரை இருக்கும். ஆறு மணி வரவேற்பு என்பது கார்த்திகையில் இரவு நிகழ்ச்சி, ஆனியில் வெயில் நிகழ்ச்சி.

3. காலணி

மணல் என்றால் பின்பட்டை வைத்த தோல் செருப்பு. பட்டை இல்லாத செருப்பு ஒவ்வொரு எட்டுக்கும் மணலை வாரிப் பின்பக்கம் வீசும். வெள்ளை வேட்டியின் பின்புறம் முழங்கால் வரை புள்ளி புள்ளியாகப் படியும். அடிப்பாகம் ஒரே சமமாக இருக்க வேண்டும். குதிகால் உயர்ந்த காலணி மணலில் புதைந்து, நடையே மாறிவிடும்.

வெறுங்கால் அழகுதான், ஆனால் மாலைக்கு மட்டும். கோடை நண்பகலில் உலர்ந்த மணல் 50 டிகிரியைத் தாண்டும். மணமேடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பிப் போகும்போது நாற்காலி வரிசைக்கும் மேடைக்கும் இடையே துள்ளிக் குதிப்பவர்களை ஒவ்வொரு பகல் கல்யாணத்திலும் பார்க்கலாம். பாய் விரித்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

புல்தரை, மரத்தளம் என்றால் லோஃபர் (லேஸ் இல்லாமல் நுழைத்துப் போடும் மூடிய காலணி) சரி. வழுவழுப்பான தோல் அடிப்பாகம் மட்டும் வேண்டாம். இரவுப் பனியில் நனைந்த பலகையில் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் ஒட்டியது கேளுங்கள். வெளியே தெரியாத குட்டைக் காலுறை அவசியம். காலுறை இல்லாமல் லோஃபர் போட்டால் வியர்வையில் குதிகால் உரசி ஒரு மணி நேரத்தில் கொப்புளம் வரும்.

கயிற்று அடிப்பாகம் கொண்ட காலணியைக் கடற்கரைக்கென்றே விற்கிறார்கள். சணல் தண்ணீர் குடித்து உப்பிவிடும். ஈர மணல் பக்கமே போகாதவருக்குத்தான் அது.

எதை வாங்கினாலும் லேஸ் கட்டும் வகை வேண்டாம். ஆசீர்வாதம், பந்தி, படம் எடுப்பது என்று குறைந்தது நான்கு முறை கழற்றிப் போட வேண்டியிருக்கும். வாங்கிய பிறகு மூன்று நாள் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள்.

4. வேட்டி

பலர் பேன்ட்தான் வசதி என்று நினைக்கிறார்கள். இந்தக் காற்றுக்கும் ஈரப்பதத்துக்கும் வேட்டிதான் சிறந்த உடை. காலுக்கிடையே காற்று போகும், தொடை உரசாது, நனைந்தால் பேன்ட்டைவிடச் சீக்கிரம் காயும். சரியாகத் தேர்ந்தெடுத்து, சரியாகக் கட்டினால் போதும்.

நான்கு முழ ஒற்றை வேட்டி வீட்டுக்குச் சரி. கடற்கரைக்கு எட்டு முழ இரட்டை வேட்டி எடுங்கள். இரண்டு காரணம். கூடுதல் கனத்தால் காற்றில் எளிதில் விரியாது. அடுத்தது, வெள்ளைப் பருத்தி நனைந்தாலோ பின்னாலிருந்து வெயில் அடித்தாலோ கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இரட்டையாக இருந்தால் அந்தச் சங்கடம் குறையும்.

உள்ளே முழங்காலுக்குச் சற்று மேல் வரை வரும் பருத்தி ஷார்ட்ஸ் போடுங்கள். அது வெள்ளையாக இருக்கக் கூடாது. வெள்ளை வேட்டிக்குள் வெள்ளை உள்ளாடை விளிம்போடு தெரியும். உங்கள் தோல் நிறத்தை ஒட்டிய பழுப்பு நிறம்தான் மறைந்திருக்கும். இதை நம்பாதவர்கள் வீட்டு மொட்டை மாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

வேட்டியின் அகலம் வழக்கமாக 50 அங்குலத்தை ஒட்டி இருக்கும். மண்டபத்தில் பாதம் தொடும்படி கட்டுவோம். இங்கே கணுக்கால் எலும்புக்கு ஒரு அங்குலம் மேலே நிற்கும்படி, இடுப்பில் கூடுதலாக ஒரு மடிப்பு மடித்துக் கட்டுங்கள். தரை தொடும் கரை ஈர மணலை உறிஞ்சிக் கனத்து, வேட்டியைக் கீழே இழுக்கும். இடுப்பு தளர்வது பெரும்பாலும் இதனால்தான்.

இடுப்புக்குப் பர்ஸ் வைக்க ஜிப் உள்ள அகலப் பச்சை பெல்ட் இன்றும் மிகச் சிறந்த ஏற்பாடு. சட்டை அதை மறைத்துவிடும், செல்போனும் சாவியும் அதற்குள் அடங்கும். வெல்க்ரோ வேட்டி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மணலும் நூல்துணுக்கும் ஒட்டிக்கொண்டால் வெல்க்ரோவின் பிடி குறையும். மணலில் உட்கார்ந்து எழுந்த பிறகு அதை மட்டும் நம்பாமல் மேலே பெல்ட்டையும் போடுங்கள்.

காற்றுக்கு ஒரே ஒரு ஊக்கு போதும். முழங்கால் உயரத்தில், வெளிமடிப்பை உள்மடிப்போடு சேர்த்து, கரையின் உள்விளிம்பில் குத்துங்கள். நடக்கவும் விடும், விரியவும் விடாது. இன்னும் கீழே குத்தினால் எட்டு வைக்க முடியாது, துணிதான் கிழியும். பட்டில் ஊக்கு போட்டால் ஓட்டை விழும் என்பதால், நெசவு நெருக்கமாக இருக்கும் கரையிலேயே குத்துங்கள், இழுக்காதீர்கள்.

மணலில் நடக்கும்போது மடித்துக் கட்டிக்கொள்வதில் தவறில்லை. பெரியவர்கள் எதிரே வந்தால் இறக்கிவிடுங்கள். நாற்காலி வரிசைக்குள் நுழையும் முன்பும் அப்படியே. இடம் ரிசார்ட் ஆனாலும் அந்த மரியாதை மாறுவதில்லை.

கஞ்சி போட்ட வேட்டி வீட்டில் கத்தி மாதிரி நிற்கும். கடலோர ஈரத்தைக் கஞ்சி உறிஞ்சி ஒரு மணி நேரத்தில் தொய்ந்துவிடும், உடம்பிலும் பிசுபிசுக்கும். இந்த நாளுக்கு வழக்கத்தில் பாதிக் கஞ்சி போதும்.

5. பேன்ட் என்றால்

கால் நீளம் காலணிக்கு மேல் அரை அங்குலம் ஏறி நிற்க வேண்டும். அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டே டெய்லரிடம் அளவு கொடுங்கள். தொடையில் தளர்வு வேண்டும். உட்காரும்போது துணி பிடித்தால் அங்கேதான் முதலில் வியர்வைத் தடம் விழும். முன்பக்கம் ஒரு மடிப்பு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

ஜீன்ஸ் வேண்டாம். தடித்த துணி ஈரம் பிடித்தால் நாள் முழுக்கக் காயாது.

6. துணி: கடையில் எதைக் கேட்பது

லினன், பருத்தி, இரண்டும் கலந்தது: இந்த மூன்றுக்குள் நில்லுங்கள். லினன் ஈரத்தை வேகமாக உறிஞ்சி வேகமாக விடும், உடம்பில் ஒட்டாமல் விறைப்பாக நிற்கும். சுருங்கிக் கசங்குவது அதன் இயல்பு. அது பிடிக்காதவர்கள் பருத்தி கலந்ததை எடுக்கலாம், கசங்கல் குறையும்.

லினனை நூலின் லீ எண் சொல்லி விற்பார்கள். எண் கூடக்கூட நூல் மெல்லியது. சட்டைக்கு 60 லீ, பேன்ட்டுக்கும் பிளேசருக்கும் 25 முதல் 40 லீ. 60 லீயில் பேன்ட் தைத்தால் பின்பக்கத் தையல் விட்டுப்போகும், உள்ளே இருப்பதும் தெரியும்.

நடுத்தர உடல்வாகுக்கு, 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், பேன்ட்டுக்கு 1.3 மீட்டர், முழங்கால் வரும் குர்தாவுக்கு 2.5 மீட்டர். 36 அங்குல அகலம் என்றால் சட்டைக்கே 2.5 மீட்டர் வரை ஆகும். அகலத்தைக் கேட்காமல் மீட்டர் சொல்லிவிட்டு, டெய்லர் வெட்டும்போது கை நீளத்துக்குத் துணி போதவில்லை என்று திரும்பி ஓடுவது வழக்கமான தவறு.

வாங்கியதும் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அதன் பிறகு டெய்லரிடம் கொடுங்கள். துவைக்காத லினன் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 40 அங்குல நீளப் பேன்ட்டில் 3 சதவீதம் என்பதே ஒரு அங்குலத்துக்கு மேல். தைத்த பிறகு சுருங்கினால் சரிசெய்ய வழியில்லை.

பாலியெஸ்டர் கலந்த துணியைக் கசங்காது என்று சொல்லித் தள்ளுவார்கள். வியர்வையை அது உறிஞ்சாது, நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் லினனும் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி கருகும் வாசனையோடு எரியும்; சாம்பல் விரலில் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நுனியில் நிற்கும்.

7. சட்டையும் பனியனும்

சட்டையின் மார்புச் சுற்று உங்கள் மார்பளவைவிட 5 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். உடம்போடு ஒட்டித் தைத்த சட்டை முதுகில் முழுசாக நனையும். வேட்டிக்கு மேல் விடும் சட்டையின் கீழ்விளிம்பு நேராக இருக்க வேண்டும். வளைந்த விளிம்பு பேன்ட்டுக்குள் விடுவதற்கானது.

முழுக்கை எடுங்கள். வெயிலில் கையைக் காக்கும், இருட்டிய பிறகு கொசுவையும் தடுக்கும், வேண்டாதபோது முழங்கை வரை மடித்துக்கொள்ளலாம். அரைக்கைக்கு இந்த மூன்று வசதியும் கிடையாது.

வியர்வைத் தடம் அதிகம் காட்டுவது சாம்பலும் இளநீலமும். கடற்கரை என்றதும் எல்லோரும் இளநீலத்தைத்தான் எடுக்கிறார்கள்; அக்குளிலும் முதுகிலும் கரும்படம் வரைந்துவிடும். வெள்ளை, தந்த நிறம், கருநீலம், சின்னப் பூப்போட்ட துணி ஆகியவற்றில் தடம் தெரியாது. மிக நெருக்கமான மெல்லிய கோடுகள் வேண்டாம். வீடியோவில் அலை அலையாக நெளியும்.

பனியன் போட்டால் இன்னும் வியர்க்குமே என்று விடாதீர்கள். மெல்லிய பருத்திக் கையில்லாப் பனியன் முதல் ஈரத்தை வாங்கிக்கொண்டு சட்டையைக் காப்பாற்றும். வேட்டிக்குச் சொன்ன விதிதான் இங்கேயும்: வெளிர்ச் சட்டைக்குள் தோல் நிறத்தை ஒட்டியது. உதிரியாக ஒன்று பையில் இருக்கட்டும். மாலை வரவேற்புக்கு முன் பனியனை மட்டும் மாற்றினாலே குளித்து வந்த மாதிரி இருக்கும்.

8. மேலங்கி

கோடைப் பகலில் வேண்டாம் என்று மேலேயே சொல்லியாகிவிட்டது. மாலைக்குப் பிளேசர் வேண்டுமென்றால் டெய்லரிடம் இப்படிச் சொல்லுங்கள்: முதுகில் லைனிங் வேண்டாம், கைக்கு மட்டும் விஸ்கோஸ் லைனிங், தோள்பட்டையில் பஞ்சு வேண்டாம், பாக்கெட்டை மேலே ஒட்டித் தையுங்கள். கடையில் தொங்கும் ஆயத்த பிளேசரின் உட்புறம் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். வெளியே லினன் என்று எழுதியிருந்தாலும் உள்ளே பிளாஸ்டிக் பை போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வாங்கும் முன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இதைவிட நல்லது கையில்லாத நேரு கோட். மார்பு நிமிர்ந்து தெரியும், அக்குள் திறந்திருக்கும், வேட்டிக்கும் பேன்ட்டுக்கும் பொருந்தும். டை வேண்டியதில்லை. தோழர்கள் எல்லோரும் டை கட்டுவது என்று முடிவாகியிருந்தால் கிளிப் போடுங்கள். இல்லாவிட்டால் குழுப் படத்தில் டை தோளுக்குப் பின்னால் பறக்கும்.

9. மாப்பிள்ளைக்கு மட்டும்

விருந்தினர் வெயில் தாங்காவிட்டால் எழுந்து நிழலுக்குப் போகலாம். மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரம் ஹோமத்துக்கு முன் உட்கார வேண்டும், அதுவும் கடற்காற்றில்.

அதனால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது: அக்கினிக்கு அருகில் உருகும் துணி வேண்டாம். காற்றில் பொறி பறந்து விழுந்தால் பருத்தியிலும் பட்டிலும் ஓட்டை விழும். பாலியெஸ்டரில் செய்த செயற்கைப் பட்டு உருகித் தோலில் ஒட்டும். பட்டு வேட்டியில் அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரையைப் பாருங்கள், மேலே சொன்ன நூல் சோதனையையும் செய்யுங்கள். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு இந்த வேலைக்கு நன்றாக ஒத்துவரும்.

பஞ்சகச்சம் காற்றுக்கு மிகப் பாதுகாப்பு, கால் தனித்தனியாக இருப்பதால் விரியாது. நடுத்தர உயரத்துக்கு 9×5 (வேட்டி ஒன்பது முழம், அங்கவஸ்திரம் ஐந்து முழம்), உயரமும் உடம்பும் உள்ளவருக்கு 10×6 என்று கேளுங்கள். சின்னதை வாங்கிவிட்டால் பின்கச்சத்துக்கு நீளம் போதாமல் உட்காரும்போது உருவும். கட்டிவிடுபவரைக் கொண்டு ஒரு முறை கட்டி, சம்மணம் போட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

அங்கவஸ்திரத்தைத் தோளில் சும்மா போடாதீர்கள். இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டால் நெருப்புப் பக்கம் பறக்காது. படத்துக்குத் தோளில் வேண்டுமென்றால் ஹோமம் முடிந்த பிறகு.

வரவேற்புக்கு வெல்வெட் ஷெர்வானி, கனத்த ஜரிகை கோட் எதுவும் வேண்டாம். மூன்று மணி நேரம் மேடை விளக்குக்கு முன் நிற்கப்போவது நீங்கள்தான். ஒரே மாதிரி இரண்டு சட்டை தைத்து வைத்து, நடுவில் ஒன்றை மாற்றுங்கள். படத்தில் யாருக்கும் தெரியாது.

10. ஒத்திகை

ஒரு வாரம் முன்னால், உள்ளாடை முதல் காலணி வரை அனைத்தையும் உடுத்தி, மாலை வெயிலில் இருபது நிமிடம் நடங்கள். மின்விசிறிக்கு எதிரே நின்று வேட்டி எங்கே விரிகிறது என்று பாருங்கள். தரையில் உட்கார்ந்து எழுங்கள். இரண்டு கையையும் தூக்கி அட்சதை போடுவது போல் செய்து பாருங்கள். சட்டை மேலேறி இடுப்பு தெரிந்தால் நீளம் போதாது என்று அர்த்தம். முன்பக்கமும் முதுகும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தம் எல்லாம் இந்த வாரத்திலேயே முடிய வேண்டும்.

11. பெட்டி

லினனை மடித்து வைக்காமல், இடையில் மெல்லிய துணி வைத்துச் சுருட்டுங்கள். அறைக்குள் போனதும் முதல் வேலை மாட்டி வைப்பது. லினனை இஸ்திரி போடும்போது லேசாக ஈரம் தெளித்து அதிகச் சூட்டில் தேயுங்கள். உலர்ந்த லினனில் கசங்கல் போகாது.

கூட எடுத்துப்போக: பருத்திக் கைக்குட்டை இரண்டு, ஊக்கு நாலைந்து, உதிரிச் சட்டையும் பனியனும், செருப்பு வைக்க ஒரு துணிப்பை. கழற்றிவிடும் இடத்தில் நூறு ஜோடி ஒன்றாகக் கிடக்கும்.

12. அன்றைக்கு எது முதலில், எது பிறகு

வியர்வைத் தடுப்பானை முந்தைய இரவே உலர்ந்த அக்குளில் தடவுங்கள். இரவில் வியர்வை குறைவு என்பதால் அப்போதுதான் அது உள்ளே இறங்கி வேலை செய்யும். காலையில் அவசரமாகத் தடவினால் வியர்வையோடு ஓடிவிடும்.

குளித்ததும் உடுத்தாதீர்கள். மின்விசிறிக்கடியில் கால்மணி நேரம் உடம்பு ஆறட்டும்.

அடுத்தது சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். பிடரியையும் காது மடலையும் விட்டுவிடாதீர்கள். தடவி இருபது நிமிடம் காய்ந்த பிறகுதான் சட்டை. அவோபென்சோன் என்ற பொருள் உள்ள சன்ஸ்கிரீன் வெள்ளைக் காலரில் பட்டு, பிறகு இரும்புச் சத்துள்ள ஆழ்குழாய்த் தண்ணீரில் துவைத்தால் துருப்பிடித்த மாதிரி கறை விழும். பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் கருக்கும்.

உள்தொடையில் கொஞ்சம் வாசலைன். வியர்வை காய்ந்த உப்பு உரசினால் மாலைக்குள் நடக்க முடியாமல் போகும்.

இருட்டும் முன் கணுக்காலில் கொசு விரட்டி தடவுங்கள். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்தது என்றால் கைக்கடிகாரத்திலோ கண்ணாடி பிரேமிலோ படக் கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைக்கும். செண்ட்டையும் உடம்பில் அடித்துவிட்டு அப்புறம் உடுத்துங்கள், பட்டில் நேராக அடித்தால் தடம் நிற்கும்.

ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி புகைமூட்டமாகிவிடும். ஐந்து நிமிடம் முன்னதாகவே வராந்தாவில் நில்லுங்கள்.

13. அன்று இரவே செய்ய வேண்டியது

துணியைத் தண்ணீரில் போடும் முன் உலர்ந்த நிலையிலேயே உதறுங்கள். தையல் இடுக்கில், பாக்கெட் மூலையில், மடிப்பில் மணல் தங்கும். ஈரமானால் அது அரம் போல் நூலை அறுக்கும்.

தோல் காலணியில் வெள்ளை உப்புத்தடம் தெரிந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துத் துடையுங்கள். நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

பட்டு வேட்டியை ஈரத்தோடு மடிக்காதீர்கள். உப்புக்காற்று பட்ட ஜரிகை கறுக்கும் என்பதால் இரவு முழுக்கக் கொடியில் ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம்.

பருத்தி வேட்டியில் மஞ்சள் கறை பட்டிருந்தால் முதலில் வெறும் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். துவைத்து நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் வெளுத்துவிடும். பட்டில் இந்த வேலையைச் செய்யாமல் நேராக டிரை கிளீனிங்குக்குக் கொடுங்கள், கறை எங்கே இருக்கிறது என்று நூலால் அடையாளம் கட்டி.